டிராக் பாடகியின் தம்பி

என் மைத்துனன் இயக்கிய முதல் படம் வெளியானபோது அதைப் பற்றி எழுதிய ஓரிருவரும், அவன் இசைக் குடும்பத்தில் வளர்ந்தவன் என்று எழுதினார்கள். நான் அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் துணையாசிரியர். மற்றவர்கள் எழுதியதைச் சுருக்குவதும் சரிபார்ப்பதும் வேலை. வீட்டு விஷயமே தவறாக அச்சில் வந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. என் மாமனார் பாடகர் அல்ல. எந்த வாத்தியமும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவர் மைக் செட் வைத்திருந்தார்.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்து, நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஒற்றை அறைக் கடை எடுத்திருந்தார். குழாய் ஒலிபெருக்கிகள், ஆம்பிளிபயர் பெட்டிகள், சுருட்டித் தொங்கவிட்ட ஒயர்கள். கோயில் உற்சவம், சபைக் கூட்டம், கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் அவரே போவார். யார் என்ன பாடினாலும் பேசினாலும் அவருக்கு இரண்டே அபிப்பிராயங்கள். ஒன்று, "தெளிவா கேட்டுது." மற்றொன்று, "எரைச்சல்." ஒரு பெரிய மந்திரியின் பேச்சையும் ஒரு பெரிய பாகவதரின் கச்சேரியையும் அவர் ஒரே நாளில் இரண்டாவது வகையில் சேர்த்ததை நானே கேட்டிருக்கிறேன்.

கேரளத்துக் கோயில் உற்சவங்களில் கடைசியாகக் கானமேளா இருக்கும். வாத்தியக்காரர்களோடு ஒரு பாட்டுக் கோஷ்டி வந்து சினிமாப் பாட்டுகளைப் பாடும். கோஷ்டி மேடை ஏறுவதற்கு முன் மைக்கைச் சோதிக்க வேண்டும். மற்ற மைக் செட்காரர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். என் மாமனார் மகளைக் கூட்டிப்போய்ப் பாடவைப்பார். எண்ணினால் மைக்கின் குணம் தெரியாது, பாடினால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. அவள் இரண்டு வரி பாடுவாள். கடலை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோஷ்டி வந்ததும் அவள் இறங்கிவிடுவாள்.

"கூட்டம் ஒரு நாளும் எனக்குக் கை தட்டினதில்ல. ஆனா மைக்கு ஒரு நாளும் மோசமானதும் இல்ல, கேட்டேளா," என்று கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

அவளுடைய தம்பி அவளைவிடப் பல வயது இளையவன். மைக் செட் தொழில் அவனுக்குப் பிடிக்கவில்லை. கல்லூரி நாட்களில் திரைப்படச் சங்கம் காட்டிய படங்களையெல்லாம் பார்த்தான். பிறகு கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தான். அதிலும் ஒழுங்கில்லை. சாப்பிடுகிறவர்களை எடுக்கவே மாட்டான். தாலி கட்டும்போது மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் மணப்பெண்ணின் தங்கை முகத்தை எடுப்பான். கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்க மாமனுக்க மொகத்த எங்கடே?" என்று வீடு தேடி வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு என் மனைவிதான் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்புவாள். அவனுடைய பின்னணி என்று எழுதுவதானால் இவ்வளவுதான் உண்டு.

அவளுடைய தொழிலையும் சொல்ல வேண்டும். ஒரு சினிமாப் பாட்டோ பக்திப் பாட்டோ தயாராகும்போது, அதைப் பாடப்போகும் பெரிய பாடகி பெரும்பாலும் ஊரில் இருக்க மாட்டார். இசையமைப்பாளர் வேறொருவரைப் பாடவைத்துப் பதிந்துவைப்பார். பெரிய பாடகி ஒரு நாள் வந்து, அதைக் காதில் மாட்டிக் கேட்டுக் கற்றுக்கொண்டு, தன் குரலில் பாடிவிட்டுப் போவார். அதன்பின் முதல் குரலை அழித்துவிடுவார்கள். அந்த முதல் குரலுக்கு டிராக் என்று பெயர். தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்து ஸ்டூடியோக்களில் டிராக் பாடியவர்களில் என் மனைவியும் ஒருத்தி.

அந்த வேலைக்கென்று சில முறைகள் இருந்தன. சங்கதிகள், அதாவது குரலின் நெளிவு சுளிவுகள், போடக் கூடாது. அவை வரப்போகிறவருக்கு உரியவை. மெட்டு மட்டும் சுத்தமாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதன் முதல் சொல்லைத் தாழ்ந்த குரலில் பேச்சாகச் சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு அது கைகாட்டி. என் மனைவி இதில் கெட்டிக்காரி. பக்கத்து வீட்டு போனுக்கு ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வரும், பஸ் ஏறிப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். சில மாதம் கழித்து அந்தப் பாட்டு ரேடியோவில் வேறு குரலில் வரும். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். "ம், நல்லா பாடியிருக்கா," என்பாள். பிறகு வெண்டைக்காய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கையடக்க டிஜிட்டல் கேமரா வந்த காலத்தில், மைத்துனன் படம் எடுக்கக் கிளம்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே கதையைச் சொன்னான். கானமேளாக் கோஷ்டியில் பாடும் ஒரு பெண். மலையடிவாரத்து விதுராவில் வீடு. எந்தப் பிரபல பாடகியைச் சொன்னாலும் அப்படியே பாடுவாள். தனக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று சென்னைக்குப் போகிறாள். அங்கே எல்லோரும் அவளை வேறொருத்தி மாதிரிதான் பாடச் சொல்கிறார்கள். திரும்பி வருகிறாள். கடைசியில் ஊருக்குப் பக்கத்தில் கல்லாற்றங்கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், யாரையும் போல அல்லாமல் ஒரு பாட்டுப் பாடுகிறாள். படம் முடிகிறது.

என் மனைவி குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"யாருக்க கதைன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியால?"

"நீ கானமேளாவுல பாடினியாக்கா?"

"இல்ல."

"மெட்ராசுக்குப் போனியா?"

"இல்ல."

"பின்ன எப்பிடி உனக்க கதை? இன்னும் ரெண்டு துண்டு வை."

வைத்தாள். தலைத்துண்டையும் அவனுக்கே வைத்தாள். எனக்கு வால்.

பணம் போட்டவன் வளைகுடாவிலிருந்து திரும்பிவந்த அவனுடைய நண்பன். நல்லவன்தான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: கடைசிப் பாட்டை ஊரறிந்த ஒரு பாடகி பாட வேண்டும், இல்லையென்றால் சி.டி.யை யாரும் வாங்க மாட்டார்கள். மைத்துனன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாவிட்டால் கேமராவே கிடைத்திருக்காது. ஆனால் அதை அக்காவிடம் நேரில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இசையமைப்பாளரைச் சொல்லவைத்தான்.

இசையமைப்பாளர் மலையாளி, மெல்லிய மனிதர். கீபோர்டைத் தவிர உலகில் எதையும் சத்தமாகத் தட்டாதவர். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "சேச்சி, டிராக் ஒண்ணு பாடித் தரணம். பின்னே மற்றவர் வரும்," என்றார்.

"அவனுக்கு வாயில்லையாக்கும்?" என்றாள் என் மனைவி. ஆனால் மெட்டை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. டிராக் பாட்டுக்கு அவள் எந்நாளும் வீட்டில் பயிற்சி செய்தவள் அல்ல. ஸ்டூடியோவில் கேட்டு ஸ்டூடியோவிலேயே பாடிவிட்டு வருகிறவள். இந்தப் பாட்டை மட்டும் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது, துணி உலர்த்தும்போது, பாடிக்கொண்டே இருந்தாள். ஈரத்தில் நின்று பாடிப்பாடி, பதிவு நாளில் ஜலதோஷமும் பிடித்துக்கொண்டது. அப்படியே போய்ப் பாடினாள். ஸ்கூட்டரில் அழைத்து வரும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"ஒரு பாட்டு போதும் எனக்கு. பேரு போடண்டாம். இந்த ஒரு படத்துல எனக்க குரல அழிக்காம வச்சா மதி."

"அவனிடம் சொன்னாயா?"

"கேட்டு வாங்கினா அது பிச்சையில்லா?"

அதற்குப் பிறகு அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவன் வந்தால் தட்டில் முன்னைவிட அதிகமாகச் சோறு விழுந்தது, பேச்சு மட்டும் நின்றுபோனது. "அத்தான், அக்காவுக்கு என்ன?" என்று என்னிடம் கேட்டான். ஜலதோஷம் என்றேன்.

பெரிய பாடகிக்கு நாள் ஒழியவில்லை. படப்பிடிப்பைத் தள்ளிப்போட முடியாது. மழை தொடங்கிவிட்டால் கல்லாற்றில் பாறையே தெரியாது. அதனால் டிராக்கையே போட்டுக் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். நாயகியாக நடித்தவள் நாடகத்திலிருந்து வந்த பெண், சின்சியரானவள். அந்த டிராக்கை ஒரு மாதம் காதில் மாட்டிக்கொண்டே திரிந்தாளாம். படப்பிடிப்புக்கு ஒரு நாள் நானும் போயிருந்தேன். ஆற்றுச் சத்தத்தில் டேப்ரிக்கார்டர் சரியாகக் கேட்கவில்லை. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தேவைப்படவில்லை. பாட்டு அவளுக்குள் இருந்தது, உதடு அதன்போக்கில் அசைந்தது.

அடுத்த மாதம் இசையமைப்பாளர் சென்னைக்குப் போய்ப் பெரிய பாடகியின் குரலைப் பதிந்து வந்தார். அந்த அம்மாள் அற்புதமாகப் பாடியிருந்தார். நானே அதைக் கேட்டு அசந்தேன். ஆனால் படத்தோடு சேர்த்துப் பார்த்தபோது, குரல் நீண்டு போகிற இடத்தில் திரையில் வாய் மூடியிருந்தது. வாய் திறந்திருக்கிற இடத்தில் குரல் மூச்செடுத்துக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து யாரையும் போல அல்லாமல் பாட வேண்டிய பெண், யாருக்கோ வாயசைத்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் கம்ப்யூட்டரில் வெட்டியும் ஒட்டியும் பார்த்தான். தேறவில்லை. பழைய டிராக்கையே வைக்கலாம் என்றால், அதில் கைகாட்டிச் சொற்களும் கீபோர்டின் சத்தமும் கலந்து கிடந்தன.

அந்த மாலை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்தப் பாட்டை நீ பாடணும்."

"பாடியாச்சே."

"டிராக்கு இல்ல. பாட்டு. படத்துல உனக்க குரல்தான்."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பணம் போட்டவன்?"

"சி.டி.யில அவங்க குரல், படத்துல உனக்க குரல். பேசி முடிச்சாச்சு. சண்டை போட்டுத்தான் முடிச்சேன்."

"சாப்பிட்டியால?" என்றாள். பேச்சு திரும்பிவிட்டது.

ஸ்டூடியோவுக்குப் போகும் நாளில் அவள் கல்யாண வீட்டுக்குப் போகிற சேலை கட்டினாள். ஸ்டூடியோவில் யாரும் சேலையைப் பார்க்கப்போவதில்லை என்று நான் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் இசையமைப்பாளர், மைத்துனன், நான். சுவரில் ஒரு சிறிய டி.வி.யில் பாறைக் காட்சி ஓடியது. அவள் பாடத் தொடங்கினாள்.

அவளிடம் அவ்வளவு சங்கதிகள் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் வரப்போகிறவர்களுக்காக ஒதுக்கிவைத்ததையெல்லாம் ஒரே பாட்டில் எடுத்துப் போட்டாள். ஒவ்வொரு சொல்லும் இழைந்து, குலுங்கி, சுற்றி வந்தது. இசையமைப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு, "அடிபொளி, சேச்சி!" என்றார். நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வாய் மூடியிருந்தது. குரல் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் அவன் பேச்சு மைக்கின் பொத்தானை அழுத்தினான்.

"அக்கா, டிராக்கு மாதிரி ஒண்ணு பாடு."

 கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். வீட்டில் எதையாவது அப்படி வைத்தால் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"அந்தம்மா பாடணும்னா நான் டிராக்கு. நான் பாடினாலும் டிராக்கு. பின்ன பாட்டு யாருல பாடுகது?"

இசையமைப்பாளர் கீபோர்டின் ஒயரைச் சரிசெய்யப் போய்விட்டார்.  மைத்துனன் விளக்கம் சொல்லியிருந்தால் அவள் நேரே வீட்டுக்குப் போயிருப்பாள். அவன் ஒரு நாற்காலியை டி.வி.க்கு முன்னால் இழுத்துப் போட்டான். "உக்காரு. சத்தம் வைக்க மாட்டேன். பாரு மட்டும்."

அவள் உட்கார்ந்தாள், பார்க்க மாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்தாள். படம் ஓடியது. அந்தப் பெண் பாறையில் இருந்தாள். உதடு அசைந்தது. என் மனைவி முதலில் முந்தானையைப் பார்த்தாள், பிறகு சுவரை, பிறகு டி.வி.யை.

"இன்னும் ஒருக்கா போடு," என்றாள்.

போட்டான். மூன்றாவது வரியில் திரையிலிருந்த பெண் ஒரு சொல்லின் நடுவில் நின்று, சின்னதாக ஒரு மூச்செடுத்து, மீதிப் பாதியைப் பாடினாள். வேறு யாரும் அங்கே மூச்செடுக்க மாட்டார்கள். எடுக்க வேண்டிய இடமே அல்ல.

என் மனைவி முன்னால் குனிந்தாள். "ஏ, இது எனக்க சளியில்லா!"

"ஆமா."

"மூக்கடைச்சுப் பாடினதையுமா இந்தக் கொச்சுப்புள்ள படிச்சு வச்சிருக்கா?"

"பாடும்போ உனக்க தலையாட்டல் மட்டும்தான் அவளுக்குத் தெரியாது. மத்ததெல்லாம் நீதான். நான் சொல்லிக் கொடுக்கல்ல, அக்கா. அவ உன்னக் கேட்டே படிச்சது."

அவள் சிரித்தாள். கொஞ்சம் அழுதாள் என்றும் நினைக்கிறேன். ஆனால் நான் அவளுக்குப் பின்னால் இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. காட்சியை இன்னும் சில முறை போடச் சொன்னாள். அந்தப் பெண் வாயைத் திறக்கும்போதெல்லாம் தானும் சத்தமில்லாமல் திறந்தாள். இசையமைப்பாளர் திரும்பி வந்து, "சேச்சி, நமுக்கு ஒண்ணுகூடி பாடி நோக்காம்?" என்று பயந்து கேட்டார்.

"நோக்காம், நோக்காம். அந்த லைட்ட அணைங்கோ."

உள்ளே போனாள். இம்முறை சங்கதி இல்லை. டிராக்கில் பாடுவது போலத்தான் நேராகப் பாடினாள், ஆனால் கைகாட்டிச் சொற்கள் இல்லை. அவளுக்குப் பிறகு யாரும் வரப்போவதில்லை. மூன்றாவது வரியில், மூக்கு நன்றாக இருந்தும், சொல்லின் நடுவில் நின்று மூச்செடுத்தாள். திரையில் அந்தப் பெண்ணும் எடுத்தாள். அவளுடைய தகப்பனார் அங்கே இருந்திருந்தால் "தெளிவா கேட்டுது" என்று சொல்லியிருப்பார் என எனக்குத் தோன்றியது.  மைத்துனன் பொத்தானின் மேல் வைத்த விரலை எடுக்க மறந்துபோய் நின்றான்.

படம் நகரத்தில் ஒரு பழைய தியேட்டரில் மதியக் காட்சியாக மட்டும் வெளியானது. முதல் நாள் நாங்கள் எல்லோரும் போனோம். கூட்டம் என்று சொல்ல முடியாது, காலி என்றும் சொல்ல முடியாது. நண்பர்கள், திரைப்படச் சங்கத்தார், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் சிலர். பார்த்தவர்கள் அமைதியாகத்தான் பார்த்தார்கள். நாயகி சென்னையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தாள். கல்லாறு வந்தது. பாறை வந்தது. பாட்டு தொடங்கியது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கதை முடிந்துவிட்டது என்று தெரிந்த மறுகணம் எழுந்துவிடுவார்கள். கடைசிப் பாட்டு என்பது செருப்பைத் தேடுவதற்கான நேரம். ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நெரிசல் வருவதற்கு முன்னால் வெளியே போக வேண்டும். தியேட்டர்காரர்களும் அதற்குத் தோதாகக் கதவைத் திறந்து, விளக்கையும் போட்டுவிடுவார்கள். அன்றைக்கும் திறந்தார்கள், போட்டார்கள். வெள்ளை வெளிச்சத்தில் பாறையும் பெண்ணும் பாதி மங்கிப்போனார்கள். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. முன்வரிசைகள் எழுந்து நடக்கத் தொடங்கின. என் மனைவி என் பக்கத்தில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

அப்போது மைத்துனன் பக்கவாட்டு வழியில் ஓடுவதைப் பார்த்தேன். கதவுக்குப் போய், இரண்டு கையையும் விரித்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கென்று வாங்கிய புதுச் சட்டை போட்டிருந்தான்.

"சேட்டா, போகல்லே. பாட்டு தீர்ந்நிட்டில்ல."

முன்னால் வந்தவர் கையில் ஹெல்மெட் வைத்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர். "கத தீர்ந்நல்லோ?"

"கத தீர்ந்நு. எங்க அக்கா தீரல்ல," என்றான் பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும். இருபது பேருக்காவது கேட்டிருக்கும்.

"எவன் இந்தக் கிறுக்கன்?" என்று பின்னாலிருந்து தமிழிலேயே ஒரு குரல் வந்தது.

"டைரக்டர், அண்ணாச்சி, டைரக்டர்!" என்றான் இவன். "லைட்ட அணைக்கச் சொல்லுங்க யாராவது!"

என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். "ஐயோ, இவன் என்னத்துக்கு இப்பிடி நாணங்கெடுத்துகான். போய்க் கூட்டிட்டு வாருங்கோ."

நான் எழுந்தேன். ஆனால் அவள் முழங்கையை விடவில்லை. இழுத்து மறுபடியும் உட்காரவைத்துவிட்டாள். ஹெல்மெட்காரர் அவனைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். "செரி, சேச்சி பாடித் தீரட்டே," என்று சொல்லி, எங்களுக்கு முன்வரிசையில் ஓரத்து நாற்காலியை இறக்கி உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள். சிலர் மறுபக்கத்துக் கதவு வழியாகப் போனார்கள். அங்கே காவல் நிற்க அவனுக்கு இன்னொரு ஆள் இல்லை. விளக்கை யாரோ அணைத்தார்கள்.

ஹெல்மெட்காரர் தனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. மூன்றாவது வரி வந்தபோது என் முழங்கையில் இருந்த விரல்கள் இறுகின. பிறகு தளர்ந்தன. அவள் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, பணம் கொடுத்து வந்த யாரோ ஒருத்தியைப் போலத் தன் பாட்டைக் கேட்டாள்.